கைக்குள் ஓர் உலகம் – 9: முதுகில்லாத மிருகங்கள்

சென்ற இதழில் ஜப்பானிய வாளின் கைப்பிடிக்கும் உறைக்கும் நகாசு வேலை செய்த கொல்லர்களைப் பார்த்தோம். அவர்களில் பலருடைய பெயர் இன்றும் நமக்குத் தெரிகிறது என்றால் அதற்கு ஒரு வியாபாரி காரணம். ஒசாகாவில் வாள் அணிகலன்களை வாங்கி விற்றுவந்த இனாபா ட்சூரியூ, 1781-ஆம் ஆண்டு ‘சோக்கென் கிஷோ’ என்ற நூலை ஏழு பாகங்களாக அச்சிட்டு வெளியிட்டார். நூல் எழுதப்பட்டது வாளுக்காகத்தான். கடைசிப் பாகத்துக்கு வரும்போது அவருக்கு இன்னொரு பொருளின் மேல் ஆசை வந்துவிடுகிறது. இடுப்புப் பட்டையில் பை தொங்கவிட உதவும் சின்னஞ்சிறு மரத்துண்டு, தந்தத்துண்டு. அதைச் செதுக்கிப் பேர் வாங்கிய ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களை அவர் பட்டியல் போட்டார். சில வேலைகளுக்குப் படமும் போட்டார்.

அந்தப் பொருளின் பெயர் நெட்சுகே. அதைச் செதுக்கியவர்களைப் பற்றி எழுத்தில் கிடைக்கும் முதல் பட்டியல் இனாபாவினுடையதுதான். அது இல்லாதிருந்தால் இந்த அத்தியாயத்தில் வரப்போகிறவர்களில் பாதிப்பேரை நாம் இன்று பெயர் சொல்லி அழைக்க முடியாது.

பட்டியலில் ஒசாகாக்காரரான யோஷிமுரா ஷூசானுக்குத் தனி மதிப்பு இருக்கிறது. நூல் வெளிவந்தபோது அவர் காலமாகிச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் தொழில்முறைச் சிற்பி இல்லை. கானோ மரபில் தேறிய ஓவியர். முதலில் புத்தத் துறவிகளுக்கு மட்டும் வழங்கப்பட்டு, பிறகு தேர்ந்த கலைஞர்களுக்கும் தரப்பட்ட ‘ஹோகென்’ பட்டம் பெற்றவர். அவர் பழைய ஹினோகி மரத்தை எடுத்துச் செதுக்கி, அதன்மேல் வண்ணம் பூசினார். உருவங்களை எங்கிருந்து எடுத்தார் என்பதையும் இனாபா குறித்துவைத்திருக்கிறார். இரண்டு சீன நூல்கள்: ஒன்று சித்தர்களின் சரிதம். மற்றொன்று, ஜப்பானியர் ‘செங்காய்க்யோ’ என்று படித்த ‘மலைகளும் கடல்களும்’ என்ற பழம்பெரும் நூல். ஷூசானைப் பார்த்துச் செய்தவர்கள் பலர், அந்தக் கை யாருக்கும் வரவில்லை என்பது இனாபாவின் தீர்ப்பு.

‘மலைகளும் கடல்களும்’ இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே உருவாகிவிட்ட நூல். இந்த மலையைத் தாண்டினால் இன்ன மிருகம், அந்தக் கடலுக்கு அப்பால் இன்ன மக்கள் என்று அடுக்கிக்கொண்டே போகும். மனித முகம் கொண்ட பறவை, தலை வெட்டுண்ட பிறகு மார்புக் காம்புகளையே கண்ணாகக் கொண்டு போர் செய்த வீரன், நெஞ்சுக்கு நடுவே துளை உள்ள மக்கள். அந்தத் துளையில் கம்பு நுழைத்து இரண்டு பேர் பல்லக்குபோலத் தூக்கிச் செல்வதைப் பிற்காலப் படங்களில் பார்க்கலாம். பின்னாளில் வந்த அச்சுப் பதிப்புகள் படங்களோடுதான் ஜப்பானுக்குப் போயின.

புத்தகப் படத்துக்கு ஒரு பக்கம்தான் உண்டு. மிருகம் பக்கவாட்டில் நிற்கும், அல்லது நம்மைப் பார்த்து நிற்கும். அதன் முதுகு எப்படி இருக்கும்? வயிற்றில் செதிலா, உரோமமா? வால் எந்தக் காலுக்கு அடியில் போகிறது? படம் வரைந்தவனுக்கு இந்தக் கேள்வி எழவே இல்லை. நெட்சுகே செதுக்குகிறவன் இதிலிருந்து தப்பிக்கவே முடியாது. உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்க்கப்படும் பொருள் அது. பார்க்க முடியாத பக்கம் என்று எதுவும் அதில் கிடையாது. யாரும் கண்ணால் காணாத ஒரு மிருகத்துக்கு முதுகும் வயிறும் பாதமும் கொடுத்தாக வேண்டும். இந்த வேலையைத்தான் ஷூசான் செய்தார், அவருக்குப் பின் நூறு ஆண்டுகளுக்கும் மேல் பலர் செய்தார்கள். என் கண்ணுக்கு நெட்சுகே கலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. முகத்தில் காட்டிய திறமையை எல்லாரும் புகழ்கிறார்கள். நான் வயிற்றுப் பக்கத்தைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

முதலில் அந்தப் பொருள் எப்படி வேலை செய்தது என்று பார்த்துவிடுவோம். கிமோனோவில் பை கிடையாது. சின்னச் சாமான்களைச் சட்டைக் கைக்குள்ளோ மார்பு மடிப்பிலோ செருகிக்கொள்ளலாம். புகைக்குழல், புகையிலைப் பை, மருந்துச் செப்பு, நம்மூர்ச் சுருக்குப்பை மாதிரியான காசுப்பை இவற்றை அப்படி வைத்துக்கொள்ள முடியாது. ஆண்கள் இவற்றை ஒரு கயிற்றில் கட்டி, கயிற்றை ‘ஓபி’ என்ற இடைக்கச்சுக்கு உள்பக்கமாகக் கீழிருந்து மேலே இழுத்து விட்டார்கள். கயிறு நழுவிவிடாமல் இருக்க மேல் நுனியில் ஒரு கட்டை வேண்டும். அதுதான் நெட்சுகே. ‘நே’ என்றால் வேர், ‘ட்சுகே’ என்றால் கோத்து வைப்பது. வேர்க்கட்டை, சுரைக்காய் முதலியவற்றைக் கட்டித் தொங்கவிட்ட காலத்தின் நினைவு அந்தப் பெயரில் இருக்கலாம். நெட்சுகேக்கும் பைக்கும் நடுவே ‘ஒஜிமே’ என்ற ஒரு மணி. அதைக் கீழே தள்ளினால் பையின் வாய் இறுகும், மேலே தள்ளினால் திறக்கும்.

கயிறு கோக்க நெட்சுகேயின் பின்புறத்திலோ அடியிலோ இரண்டு துளைகள் போட்டார்கள். ‘ஹிமோதோஷி’ என்று பெயர். இரண்டும் உள்ளே ஒன்றோடொன்று சேரும். பழைய வேலைகளில் ஒன்று பெரியதாகவும் மற்றது சிறியதாகவும் இருப்பதைப் பார்க்கலாம். கயிற்றின் முடிச்சு பெரிய துளைக்குள் போய் ஒளிந்துகொள்ளும். சில கெட்டிக்காரர்கள் துளையே போடமாட்டார்கள். மிருகத்தின் மடங்கிய காலுக்கும் வயிற்றுக்கும் இடையில் இயல்பாக அமையும் சந்து போதும், கயிறு அதில் போய்விடும்.

இந்தப் பயன்பாடு உருவத்துக்குக் கடுமையான சட்டம் போட்டது. பட்டுத் துணியில் மாட்டிக் கிழிக்கும் கூர்முனை எதுவும் இருக்கக் கூடாது. கொம்பு முதுகோடு படிய வேண்டும். வால் தொடையைச் சுற்ற வேண்டும். காது கழுத்தோடு ஒட்ட வேண்டும். பெரும்பாலும் இரண்டு அங்குலத்துக்குள் எல்லாம் அடங்கவேண்டும். இடுப்பில் ஆடும்போது விலாவில் குத்தக் கூடாது. பை தொங்கும்போது முகம் வெளியே பார்த்து நிற்கும்படி துளைகளின் இடத்தைக் கணக்குப் பார்த்துப் போடவேண்டும். புத்தகத்தில் கால் பரப்பி, வாய் பிளந்து, தீப்பிழம்பு பறக்க நின்ற மிருகம் இங்கே வந்து சுருண்டு உட்கார்ந்தது இப்படித்தான்.

கயிற்றின் கீழே என்ன தொங்கியது என்பதையும் சொல்ல வேண்டும். சாமுராய் வர்க்கத்தார் ‘இன்ரோ’ என்ற அரக்குப் பூச்சுச் செப்பை விரும்பினார்கள்; ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கு அடுக்காகப் பொருந்தும் அதில் மருந்து வைத்துக்கொள்வார்கள். நகரத்து மக்களிடம் புகையிலைப் பைதான் அதிகம். 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஷோகுன் அரசு புகையிலையைப் பலமுறை தடைசெய்து பார்த்துத் தோற்றது. பிறகு புகைக்குழல் இல்லாத வியாபாரி இல்லை என்றாகிவிட்டது. அந்தப் பைகளில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிய பூவச்சுத் துணியை ஜப்பானியர் ‘சராசா’ என்றார்கள். துண்டுத் துணியைக்கூட விடாமல் சேர்த்துப் புகையிலைப் பை தைத்தார்கள். கோடு போட்ட பருத்தித் துணிக்கு அவர்கள் வைத்த பெயர் ‘சாந்தோமே ஜிமா’. நம் மயிலாப்பூரை ஒட்டியிருக்கும் சாந்தோமின் பெயர்தான் அது. அங்கிருந்து வந்த சுருக்கம் விழுந்த பதனிட்ட தோலும் ‘சாந்தோமே’ என்ற பெயரிலேயே பை தைக்கப் போயிற்று. ஒசாகா வியாபாரி ஒருவரின் இடுப்பில் மேலே சீனத்துக் கற்பனை மிருகமும் கீழே சாந்தோம் துணியும் ஒரே கயிற்றில் தொங்கியிருக்கின்றன.

ஏன் இவ்வளவு வேலைப்பாடு ஒரு கட்டைக்கு? பணம் வியாபாரியிடம், கௌரவம் சாமுராயிடம் என்று இருந்த சமூகம் அது. வியாபாரி என்ன துணி உடுத்தலாம், என்ன நிறம் போடலாம் என்று அரசு அவ்வப்போது ஆணை போட்டுக்கொண்டே இருந்தது. வெளியே சாதாரணப் பருத்தி, உள்ளே பட்டு லைனிங் என்று அவர்கள் வழி கண்டுபிடித்தார்கள். இடுப்புக்கட்டையும் அப்படி ஒரு வழி. தள்ளி நின்று பார்த்தால் மரத்துண்டு. கையில் வாங்கிப் பார்ப்பவனுக்குத்தான் அதன் விலை தெரியும்.

விநோத மிருகங்களின் மேல் இந்த மக்களுக்கு ஏன் இவ்வளவு ஆசை என்பதற்கு நான் இன்னொரு காரணத்தையும் சேர்ப்பேன். 1635-இல் ஜப்பானியர் வெளிநாடு போவது தடைசெய்யப்பட்டது. போனவர் திரும்பி வந்தால் மரண தண்டனை. 1641 முதல் டச்சுக்காரர்கள் நாகசாகித் துறைமுகத்தில் தெஷிமா என்ற செயற்கைத் தீவுக்குள் அடைக்கப்பட்டார்கள். இருநூறு ஆண்டுகள் கடலுக்கு அப்பால் உள்ள உலகம் சாதாரண ஜப்பானியனுக்குப் புத்தகத்தில்தான் இருந்தது. ஒசாகா மருத்துவர் தெராஜிமா ரியோவான் 1712-இல் முடித்த ‘வாக்கான் சான்சாய் சூயே’ என்ற 105 பாகக் கலைக்களஞ்சியத்தில் வெளிநாட்டு மக்களைப் பற்றிய பகுதி ஒன்று உண்டு. நீளக்கை மனிதரும் நீளக்கால் மனிதரும் ஹாலந்துக்காரரும் அதில் ஒரே மாதிரி மரியாதையோடு இடம்பெறுகிறார்கள். ஒசாகாவில் இருந்தவர்களில் பெரும்பாலோர் இவர்கள் யாரையும் நேரில் பார்த்ததில்லை. நெட்சுகே செதுக்கியவர்களும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். தொப்பியும் பொத்தான் வரிசையும் ஊதுகொம்புமாக ஒரு டச்சுக்காரன். பக்கத்திலேயே நீளக்கால்காரன் தோளில் ஏறி மீன் பிடிக்கும் நீளக்கைக்காரன். கடலில் நின்ற நீளக்காலை ஓர் ஆக்டோபஸ் சுற்றிக்கொண்டிருக்க, மேலே இருப்பவன் கையை நீட்டி அதைப் பிடுங்கப் பார்ப்பான். கை, கால் எல்லாம் நீளவாக்கில் இணைந்துவிடுவதால் இடைக்கச்சில் செருகிக்கொள்ளவும் அது வாகான உருவம்.

இனி மிருகங்களுக்கு வருவோம்.

கிரின். மான் உடல், மாட்டு வால், குதிரைக் குளம்பு, தலையில் ஒற்றைக் கொம்பு. நல்ல அரசன் ஆளும்போதுதான் தோன்றும். புல்லைக்கூட மிதித்து வதைக்காது. 1414-இல் வங்காள சுல்தான் சீனப் பேரரசருக்கு ஒட்டகச்சிவிங்கி ஒன்றை அனுப்பியபோது, கிரின் வந்துவிட்டது என்று அரசவை கொண்டாடியது. ஜப்பானிய மொழியில் ஒட்டகச்சிவிங்கிக்கு இன்றும் கிரின் என்றே பெயர். கியோட்டோ சிற்பிகள் தந்தத்தில் செய்த கிரின் குந்தி உட்கார்ந்து, கழுத்தைப் பின்னுக்கு வளைத்து, வானத்தைப் பார்த்து வாய் திறக்கும். நான்கு குளம்புகளும் அடியில் ஒரே புள்ளியில் சேர்ந்திருக்கும். அந்தக் குளம்புகளுக்கு மேலே உள்ள வளைவில்தான் கயிறு போகும். நூலில் காற்றில் பறந்த தீப்பிழம்புகள் இங்கே தோள்பட்டையில் படிந்த மெல்லிய புடைப்புகளாகிவிட்டன. விரல் வைத்தால்தான் தெரியும்.

ஷிஷி என்னும் சிங்கம் புத்த மதத்தோடு இந்தியாவிலிருந்து சீனம் போய், அங்கிருந்து ஜப்பான் வந்தது. உயிருள்ள சிங்கத்தை வழியில் இருந்த சிற்பிகள் பெரும்பாலும் பார்த்ததே இல்லை. பிடரி மயிர் சுருள் சுருளானது, முகம் நாய்முகமானது. நெட்சுகே ஷிஷியின் வாயில் ஓர் உருண்டை இருக்கும். அதே துண்டுக்குள், பல் இடுக்கு வழியாக உளியை விட்டுக் குடைந்து பிரித்த உருண்டை அது. குலுக்கினால் உருளும், வெளியே வராது. நம் கோயில் யாளியின் வாயில் கல்லுருண்டையை உருட்டிப் பார்த்தவர்களுக்கு இந்த வேலை எவ்வளவு கடினம் என்று சொல்ல வேண்டியதில்லை. இங்கே அந்த வாய் ஒரு கடலைப் பருப்பு அளவுதான்.

எனக்கு மிகவும் பிடித்தது பாகு. யானைத் தும்பிக்கை, காண்டாமிருகக் கண், மாட்டு வால், புலிப் பாதம் என்று சீன நூல்கள் இதை வருணித்தன. அதன் தோலை விரித்துப் படுத்தாலோ, உருவத்தை வரைந்து வைத்தாலோ நோய் அண்டாது என்ற நம்பிக்கை அங்கே இருந்தது. ஜப்பானுக்கு வந்ததும் அதற்கு வேறு தொழில் கிடைத்தது: கெட்ட கனவைத் தின்பது. தூக்கத்தில் பயந்து எழுந்தவர், இந்தக் கனவைப் பாகுவுக்குக் கொடுத்துவிட்டேன் என்று மூன்று முறை சொல்லிவிட்டுப் படுப்பார். தலையணையில் பாகுவை வரைவார்கள். புத்தாண்டில் தலையணைக்கு அடியில் வைத்துப் படுக்கும் புதையல் கப்பல் படத்தின் பாயில் பாகுவின் எழுத்தைப் போடுவார்கள். நிக்கோவில் 1636-இல் புதுப்பித்துக் கட்டிய தோஷோகு ஆலயத்தில் உத்தரங்களின் முனையில் பாகு தலைகள் நிறைய இருக்கின்றன. கோயில் உத்தரத்தில் அதற்குத் தலை மட்டும் போதும். நெட்சுகே அதற்கு முழு உடம்பு கேட்டது. யானை மூக்கையும் புலிக் காலையும் ஒட்டுப்போட்டதாகத் தெரியாமல் ஓர் உயிராக்க வேண்டும். நல்ல பாகுவில் தும்பிக்கை மார்பை ஒட்டிக் கீழிறங்கி முன்னங்கால்களுக்கு நடுவே சுருண்டிருக்கும். முதுகெலும்பு முட்டு முட்டாகப் புடைத்து வாலில் முடியும். வயிறு கொஞ்சம் உப்பியிருக்கும். தின்றுவிட்டு உட்கார்ந்திருக்கிறது என்று தோன்றும். சீன நூலில் இல்லாத உப்பல் அது. யாரோ ஒரு செதுக்குக்காரர் யோசித்துச் சேர்த்தது. கனவு தின்னும் மிருகத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு நடந்தவருக்கு அதைத் தடவிப் பார்ப்பதில் ஆறுதல் இருந்திருக்கும்.

கப்பா, தெங்கு இரண்டும் ஜப்பானில் உருப்பெற்றவை. கப்பா ஆற்றில் இருக்கும். தலைக் குழியில் தண்ணீர் உள்ளவரை அதற்குப் பலம், குனிந்து வணங்கவைத்தால் தண்ணீர் கொட்டிப் பலம் போய்விடும். அது காலைக் கிளிஞ்சலின் வாயில் விட்டு மாட்டிக்கொண்டு தவிப்பதைப் பலரும் செதுக்கினார்கள். மலைக்காட்டுப் பறவைப் பூதமான தெங்கு முட்டையை உடைத்துக்கொண்டு எட்டிப் பார்ப்பதும் அப்படியே. கிளிஞ்சல், முட்டை இரண்டும் கூர்முனையில்லாத வழவழப்பு உருவங்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். கதை தொழிலுக்கு வளைந்துகொடுத்திருக்கிறது.

செதுக்கிய முறையைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். தந்தம் டச்சு, சீன வியாபாரிகள் மூலம் நாகசாகி வழியாக வந்தது. விலை அதிகம். ஷாமிசென் என்ற தந்தி வாத்தியத்துக்கு மீட்டுகோல் வெட்டிய பிறகு மிஞ்சும் முக்கோணத் துண்டுகள் நெட்சுகேக்காரர்களுக்குப் போகும். அந்தக் காலத்துத் தந்த மிருகங்கள் பலவற்றின் அடிப்பாகம் முக்கோணமாக இருப்பதற்கு அதுதான் காரணம் என்பார்கள். மரத்தில் ‘ட்சுகே’ (நெட்சுகேயில் வரும் ‘ட்சுகே’ வேறு) என்ற மஞ்சள் நிறக் கெட்டி மரம் முதலிடம். மயிரிழை போன்ற கோட்டையும் தாங்கும். உளிகளைச் செதுக்குபவரே தம் கைக்கு ஏற்றபடி செய்துகொள்வார். செதுக்கி முடித்ததும் உப்புத்தாள் போலச் சொரசொரப்பான ‘தோக்குசா’ தண்டால் தேய்ப்பு, பிறகு முக்கு மரத்தின் காய்ந்த இலையால் தேய்ப்பு, பின் மான்கொம்புச் சாம்பல். காய்களை வேகவைத்து எடுத்த சாயத்தில் நிறம் ஏற்றி, கடைசியில் ‘இபோத்தா’ மெழுகு பூசுவார்கள்.

இதில் ‘உக்கிபோரி’ என்றொரு நுட்பம் உண்டு. சித்தர் சரிதத்தில் வரும் காமா சித்தரோடு மூன்று கால் தேரை ஒன்று இருக்கும். தேரைத் தோலில் நூற்றுக்கணக்கான பொடிக் கொப்புளம். ஒவ்வொன்றையும் சுற்றி மரத்தை வெட்டி நிறுத்துவது நடவாத காரியம். ஆகவே தலைகீழாக யோசித்தார்கள். கொப்புளம் வர வேண்டிய இடத்தில் மழுங்கிய முனையால் மரத்தை அழுத்திக் குழி செய்வார்கள். பிறகு சுற்றியுள்ள மரத்தைக் குழியின் அடிமட்டம் வரை சீவிவிடுவார்கள். இப்போது எல்லாம் சமம், எதுவும் தெரியாது. சூடான தண்ணீர் பட்டதும் அமுக்கப்பட்ட மரநார்கள் பழைய நிலைக்கு எழும்பும். கொப்புளங்கள் தாமே மேலே வரும். இசே பகுதியின் யமாதாவில் மசனாவோ என்ற பெயரில் தலைமுறை தலைமுறையாக இயங்கிய குடும்பம் தேரைகளுக்குப் பேர் பெற்றது.

ஊருக்கு ஊர் கை மாறியது. தம்பா மலைநாட்டில் சசயாமா ஊரிலிருந்த நாய்த்தோ தோயோமசா (1773–1856) மரத்தில் செதுக்கிய விநோத மிருகங்களுக்குக் கொம்பால் கண் பதித்தார். அந்தக் கண்கள் இன்றும் ஈரமாகத் தெரிகின்றன. மேற்கே இவாமி நாட்டில் தோமிஹாருவும் அவர் மகள் புன்ஷோஜோவும் (1764–1838) காட்டுப்பன்றித் தந்தத்தில் சிலந்தி, பூரான் என்று சிற்றுயிர்களைச் செதுக்கி, ஓரத்தில் நீளமாக எழுத்தும் பொறித்தார்கள். ஆண்களின் இடுப்புக்காக ஆண்களே செய்துவந்த தொழிலில் தன் பெயரைப் பொறித்து வைத்த பெண் என்பதால் புன்ஷோஜோவைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை. எடோவின் (இன்றைய டோக்கியோ) அசகுசாப் பேட்டையில் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இருந்த ஒசாக்கி கோக்குசாய் மான்கொம்பை எடுத்துக்கொண்டார். கொம்பின் நடுவே பஞ்சுபோல ஓட்டை இருக்கும், வளைவும் சொன்னபடி கேட்காது. அவர் அந்த வளைவையே மிருகத்தின் முதுகாக்கி, ஓட்டையைக் கயிற்றுக்கு விட்டார்.

கோக்குசாய் செதுக்கிக்கொண்டிருக்கும்போதே நெட்சுகேயின் வேலை முடிந்துகொண்டிருந்தது. 1868-இல் ஷோகுன் ஆட்சி போய் மெய்ஜி அரசு வந்தது. 1871-இல் குடுமியைக் கத்தரிக்கலாம் என்ற ஆணை, 1876-இல் வாள் அணியத் தடை. அதிகாரிகள் கோட்டும் கால்சட்டையும் போட்டார்கள். கால்சட்டையில் பை இருந்தது. குழலுக்குப் பதில் சிகரெட் வந்தது. ஒரு தலைமுறைக்குள் வீட்டு இழுப்பறையில் கிடந்த கட்டைகளை மக்கள் கூடை கூடையாக விற்றார்கள். பாரிஸ் கலைப்பொருள் வியாபாரி பிலிப் சீஷெல் 1874-இல் ஜப்பானுக்கு வந்து சுமார் ஐயாயிரம் சாமான்களோடு திரும்பினார். பாரிஸில் அப்போது ஜப்பான் மோகம் உச்சத்தில் இருந்தது. சார்ல் எஃப்ரூசி என்ற செல்வந்தர் சீஷெலிடம் 264 நெட்சுகேகளை வாங்கினார். 1899-இல் வியன்னாவில் இருந்த உறவினர் விக்டருக்குத் திருமணப் பரிசாக அனுப்பினார். 1938-இல் நாஜிகள் அந்த யூத வீட்டைச் சூறையாடியபோது, வீட்டுப் பணிப்பெண் அன்னா இரண்டு மூன்றாக ஏப்ரன் பைக்குள் போட்டு எடுத்துப்போய்த் தன் மெத்தைக்குள் ஒளித்துக் காப்பாற்றினார் என்பதைக் குடும்பத்தின் வாரிசு எட்மண்ட் டி வால் 2010-இல் எழுதினார். ஓவியங்களைத் தூக்கிப்போன கைகளுக்கு இந்தக் கட்டைகள் கண்ணில் படவில்லை.

ஐரோப்பாவின் ஆசை செதுக்குபவர்களையும் மாற்றியது. அங்கே யாருக்கும் ஓபி இல்லை. மேசையில் வைக்கும் ‘ஒக்கிமோனோ’ பொம்மைகளே விலைபோயின. அவை உயரமானவை, கூர்மையான கொம்பும் விரிந்த இறக்கையும் கொண்டவை. துளை கிடையாது. அடிப்பாகம் தட்டையானது. அங்கே செதுக்க எதுவும் இல்லாமல் பெயரை மட்டும் பொறித்தார்கள். மிருகங்கள் மறுபடியும் முன்பக்கம் மட்டும் உள்ளவை ஆகிவிட்டன.

போலிகளும் பெருகின. அது புதிய நோய் இல்லை. கியோட்டோவின் தோமொதாதா செதுக்கிய எருதுகளுக்கு ஏகப்பட்ட போலி இருப்பதாக 1781-இலேயே இனாபா எழுதிவிட்டார். ஷூசான் விஷயத்தில் இது விசித்திரமான வடிவம் எடுத்தது. அவர் தம் நெட்சுகே எதிலும் பெயர் பொறிக்கவில்லை. பின்னால் வந்தவர்கள் அவர் பாணியில் செய்து ஷூசான் என்று பெயரும் போட்டார்கள். ஆகவே பெயர் இருந்தாலே அது அவர் வேலை இல்லை என்று சேகரிப்பாளர்கள் ஒதுக்குகிறார்கள். பெயர் இல்லாதவற்றிலோ எது அவர் கை என்று சத்தியம் செய்ய ஆளில்லை. ஜப்பானிய நெட்சுகே ஆய்வில் முன்னோடியான உயேதா ரெய்கிச்சி 1943-இல் தம் பெரிய நூலை எழுதியபோதும் இனாபாவின் பக்கத்துக்கே திரும்பிப் போக வேண்டியிருந்தது.

தந்தத்தின் கதை இப்போது தனி வழக்கு. 1989-இல் எடுத்த உலக முடிவின்படி ஆப்பிரிக்க யானைத் தந்தத்தை நாடு விட்டு நாடு விற்பது தடைசெய்யப்பட்டது. பிரிட்டனின் 2018-ஆம் ஆண்டுச் சட்டம் 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்தபின் பழைய தந்த நெட்சுகேயை அங்கே விற்பதே அரிதாகிவிட்டது. மிகச் சிறந்த கலைமதிப்புள்ள 1918-க்கு முந்தைய பொருள் என்று சான்று பெற வேண்டும். அந்தச் சட்டம் சரி என்றே நான் நினைக்கிறேன். ஒரு கிரினுக்காக ஒரு யானை செத்தது என்ற கணக்கை அழகு தள்ளுபடி செய்துவிடாது. மீட்டுகோல் வெட்டிய மிச்சத்தில் செய்தது என்ற சமாதானமும் போதாது.

நெட்சுகேயைப் பார்க்க இன்று வழிகள் உண்டு. டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இக்காலச் செதுக்குக்காரர்களின் வேலையைச் சேர்த்த இளவரசர் தகமாதோவின் தொகுப்புக்கென்றே ஓர் அறை இருக்கிறது. கியோட்டோவில் மிபு பகுதியில் பழைய சாமுராய் வீடு ஒன்றில் 2007 முதல் நெட்சுகேக்கு மட்டுமான அருங்காட்சியகம் இயங்குகிறது. லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டி அருங்காட்சியகத்திலும் லண்டனின் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலும் பெரிய தொகுப்புகள் இருக்கின்றன. எங்கே போனாலும் மிருகங்கள் முகத்தை நம் பக்கம் திருப்பி வரிசையாக உட்கார்ந்திருக்கும். அவசரப்பட்டு நகர்ந்துவிட வேண்டாம். பேழைக்குள் கண்ணாடி பதித்து அடிப்பக்கத்தைக் காட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். இல்லாவிட்டால் பக்கவாட்டில் போய்க் குனியுங்கள். வியாபாரத்துக்காகச் செய்த பிற்காலப் போலியில் துளைகள் இரண்டும் ஒரே அளவில், விளிம்பு கூர் மழுங்காமல் இருக்கும். பழையதில் வயிற்றுப் பக்கத்து உரோமக் கோடுகள் பாதி அழிந்து, தந்தமானால் தேன்நிறம் ஏறி, மரமானால் கறுத்துப் பளபளத்து நிற்கும். பெரிய துளையின் ஓர் ஓரம் மட்டும் உள்ளுக்கு இழுபட்டுத் தேய்ந்து ஒரு வாய்க்கால் ஓடியிருக்கும். அதை வெட்டியது உளி இல்லை. அங்கே வருடக்கணக்கில் ஒரு புகையிலைப் பை தொங்கியிருக்கிறது.